சைலென்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றியபின் புல்லட் திணறுகிறதா? அறிகுறியை வைத்துக் கார்புரேட்டரைச் சரிசெய்யும் வழி

புகையை அதிகம் தடுக்காத ஃப்ரீ ஃப்ளோ சைலென்சர் போட்டாயிற்று. ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கோன் ஃபில்டரும் மாட்டியாயிற்று. சத்தம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி முன்பு இழுத்த அளவுகூட இழுக்கவில்லை, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் பட்பட் என்று வெடிக்கிறது. கடைக்குக் கொண்டுபோனால் முதல் வார்த்தையே "மெயின் ஜெட்டை மாத்திடலாம்" என்பதுதான். ஜெட் என்பது பெட்ரோல் போகும் அளவான துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு. சிக்னலில் அணைவதற்கும் மெயின் ஜெட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

இங்கே கையில் எடுத்துக்கொள்வது 2009-ல் வந்து 2020 தொடக்கத்தில் நின்றுபோன கார்புரேட்டர் கிளாசிக் 350. 346 சிசி என்ஜின், யூக்கால் தயாரிக்கும் 29 மி.மீ. சிவி கார்புரேட்டர். சிவி என்றால், காற்றுப் பாதையைத் திறந்து மூடும் ஸ்லைடைக் கேபிள் நேரடியாகத் தூக்காமல் காற்றழுத்த வித்தியாசமே தூக்கும் வகை. அதே என்ஜின் வைத்த தண்டர்பேர்டு 350, எலெக்ட்ரா ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பி.எஸ். 6 புகை விதி வந்தபின் இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டது, அந்த வண்டிக்காரர்கள் இதைப் படித்துப் பயனில்லை. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் இருப்பது மிக்கார்ப் விஎம்24. அது வேறு சாதி, கலவையைத் திருத்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ வேலை செய்யும் திசையே தலைகீழ். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது?

பெட்ரோல் தானாக மேலே ஏறுவதில்லை. கார்புரேட்டர் கழுத்தில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. கம்பெனி ஃபில்டர் பெட்டி காற்றைக் கொஞ்சம் தடுக்கிறது, அதனால் கழுத்தில் உறிஞ்சல் கூடுதலாகவே இருக்கும். அந்தத் தடையோடு சேர்த்துத்தான் ஜெட் அளவை முடிவு செய்திருக்கிறார்கள். பெட்டியை எடுத்துவிட்டால் காற்று தாராளமாக வரும், ஆனால் உறிஞ்சல் குறையும், பெட்ரோல் போதாது. இதைத்தான் லீன் என்கிறோம். பெட்ரோல் அதிகமானால் ரிச்.

இதிலிருந்து ஒன்று புரியும். சைலென்சர் மட்டும் மாற்றினால் பெரிய சிக்கல் வராது. ஸ்க்ரூவில் கொஞ்சம் திருத்தமோ, மிஞ்சினால் மெயின் ஜெட்டில் ஓர் அளவு கூடுதலோ போதும். கோன் ஃபில்டர்தான் ஆட்டத்தைக் கலைக்கிறது. என்னைக் கேட்டால் இந்த என்ஜினுக்குக் கம்பெனி பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே நல்ல ஃபில்டரை மட்டும் போடுவது உத்தமம். நம் ஊர்ப் புழுதியில் மலிவான கோன் ஃபில்டர் எதை வடிகட்டும் என்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும்.

முதலில் கைப்பிடியில் டேப் ஒட்டுங்கள்

கார்புரேட்டரில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பது கியரையோ வேகத்தையோ பொறுத்ததல்ல, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அது இறங்கும் குழலும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும், அது பரவாயில்லை.

ஆகவே கைப்பிடி ரப்பரின் உள்பக்க ஓரத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சுவிட்ச் பெட்டிமேல் இன்னொன்று. மூடியிருக்கும்போது ஒரு கோடு, முழுக்கத் திறந்தபோது ஒரு கோடு, நடுவில் கால், அரை, முக்கால். ஓட்டும்போது எந்தக் கோட்டில் திணறுகிறது என்று பாருங்கள். "60-ல போகும்போது அடிக்குது" என்று மெக்கானிக்கிடம் சொல்வதைவிட "அரைக் கோட்டில் அடிக்குது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கோளாறு வரும் கோட்டில் கைப்பிடியை அப்படியே வைத்துக்கொண்டு சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சோக் இழுத்தால் கூடுதல் பெட்ரோல் போகும். வண்டி தெளிந்தால் அந்த இடத்தில் லீன். இன்னும் மோசமானால் ரிச். மொத்த டியூனிங்கிலும் காசில்லாமல் கிடைக்கும் மிக நல்ல சோதனை இது. ஆளில்லாத சாலையில் செய்யுங்கள்.

ஜெட்டைத் தொடும் முன்

காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள். கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். அதன் கிளாம்ப் இறுக்கமாக இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் ஐடிலிங்கில் ஓடவிட்டு அந்த மூட்டில் சோப்புத் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ அடித்துப் பார்ப்பார்கள். சூடான என்ஜின் பக்கத்தில் அது வேண்டாத விளையாட்டு.

சைலென்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கெட் புதிதாகப் போட்டார்களா என்று கேளுங்கள். பழைய நசுங்கிய வளையத்தையே திரும்ப மாட்டிவிடுவது வழக்கம். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடனே, பைப் சூடாகும் முன், அந்த மூட்டருகே உள்ளங்கையை வைத்தால் புஸ் புஸ் என்று காற்று அடிப்பது தெரியும்.

அப்புறம் பெட்ரோல். டேங்குக்கு அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும். இப்போது பெட்ரோல் பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதிகமானால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இதைப் பார்க்காமல் ஜெட் மாற்றுவது வீண்வேலை.

எத்தனால் இன்னொன்றும் செய்கிறது. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்குக் கணக்கு 13.5 அளவுக்கு வந்துவிடுகிறது. அதாவது, அதே ஜெட்டில் அதே அளவு பெட்ரோல் போனாலும் என்ஜினுக்கு அது முன்பைவிட லீன். பத்து வருடத்துக்கு முன்பு கச்சிதமாக டியூன் செய்த வண்டி இப்போது எதுவும் மாற்றாமலே பட்பட் என்று வெடித்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

சோக்கை உள்ளே தள்ளினால் நின்றுவிடுகிறது, சூடானாலும் ஐடிலிங் நிற்பதில்லை

பைலட் பகுதியில் லீன். முதலில் பைலட் ஜெட் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் துளை தலைமுடி பருமன்தான், கொஞ்சம் பிசின் படிந்தாலே போதும். கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிடும், பிறகு ஜெட்மேல் பொறித்த எண்ணுக்கு மதிப்பில்லை. கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும்.

அடைப்பு இல்லை என்றால் மிக்ஸ்சர் ஸ்க்ரூ. சிவி கார்புரேட்டரில் இது என்ஜின் பக்கம் இருக்கும். பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ: வெளியே திருப்பினால் ரிச், உள்ளே திருப்பினால் லீன். சில வண்டிகளில் இதன்மேல் பித்தளை மூடி அடித்திருப்பார்கள். விஎம்24-ல் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கிறது, அது காற்றைக் கட்டுப்படுத்துவது. ஆகவே வெளியே திருப்பினால் லீன். இந்த ஒரு விஷயம் தெரியாமல் புல்லட்டில் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஸ்க்ரூ என்ஜின் பக்கமா ஃபில்டர் பக்கமா என்று பார்த்தால் குழப்பமே இல்லை.

என்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வருவது நல்லது, ஸ்டாண்டில் போட்டு உறுமவிட்டால் சரியாகச் சூடேறாது. அணைத்துவிட்டு, ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் தட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தட்டியதும் நிறுத்திவிடுங்கள், இறுக்கினால் அதன் கூர்முனை துளையைக் கெடுத்துவிடும், அப்புறம் கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதுதான். இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுங்கள். சத்தம் எங்கே அதிகமாக ஏறிச் சீராக நிற்கிறதோ அதுதான் இடம். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை 1,000 ஆர்.பி.எம். அளவுக்கு இறக்கி, மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

சிவி கார்புரேட்டரில் நல்ல இடம் மூன்று சுற்றுக்கும் மேலே வந்தால் பைலட் ஜெட் சிறியது, ஓர் அளவு ஏற்றுங்கள். முக்கால் சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் பெரியது, ஓர் அளவு இறக்குங்கள். விஎம்24-ல் இதுவும் தலைகீழ்.

புகைச் சோதனை நிலையத்தை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். சான்றிதழ் எடுக்கும்போது திரையில் கார்பன் மோனாக்சைடு சதவீதம் தெரியும். 2000-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6-க்கு முந்தைய நாலு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வரம்பு 3.5. அதைத் தாண்டினால் ஐடிலிங் ரிச், 0.5-க்கும் கீழே போனால் லீன் என்று கொள்ளலாம். ஆனால் அடுத்துச் சொல்லப்போகும் காற்று வால்வு வேலை செய்கிற வண்டியில் அந்த எண் குறைத்துத்தான் காட்டும்.

ஆக்சிலேட்டரை விட்டால் பட்பட் என்று வெடிப்பு

நிறையப் பேர் இதற்குத்தான் வருகிறார்கள். ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வரும்போது, லீன் கலவை சிலிண்டருக்குள் பற்றாமல் அப்படியே சைலென்சர் பைப்புக்குப் போய், அங்கே வெளிக்காற்றோடு சேர்ந்து வெடிக்கிறது. வெளிக்காற்று எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. ஒன்று, மேலே சொன்ன கேஸ்கெட் ஓட்டை. இரண்டு, புகையைக் குறைக்கக் கம்பெனியே வைத்த காற்று வால்வு. ஃபில்டர் பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சிலிண்டர் ஹெட்டின் புகைவாசலுக்குப் போகும். பழைய சைலென்சரில் வெடிப்பு உள்ளேயே அமுங்கிவிடும், ஃப்ரீ ஃப்ளோவில் காதில் விழுகிறது. கோன் ஃபில்டர் மாட்டியவர்கள் இந்தக் குழாயைத் தொங்கவிட்டிருப்பார்கள், அதன் வழியே புழுதியும் உள்ளே போகும்.

சோதனைக்காக அந்தக் குழாயை ஒரு கிளிப்பால் நெரித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வெடிப்பு நின்றால் கார்புரேட்டரில் குற்றமில்லை. நிற்காவிட்டால் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று ரிச் பக்கம் எடுங்கள். அதோடு விட்டுவிடுங்கள். வெடிப்பு அடியோடு நிற்கும்வரை ரிச் ஆக்கினால் ப்ளக் கரிபிடித்து, மைலேஜும் போய்விடும். ஃப்ரீ ஃப்ளோ போட்டவண்டி இறக்கத்தில் அவ்வப்போது முணுமுணுக்கத்தான் செய்யும், அதனால் என்ஜினுக்குக் கேடில்லை.

ஆக்சிலேட்டரை விட்டும் சத்தம் உடனே இறங்காமல் தொங்குகிறது

ரப்பர் மூட்டில் காற்று ஓட்டை, அல்லது பைலட் லீன். ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டிருக்கிறதா என்று ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள்தான்.

திருகியதும் ஒரு விக்கல், அப்புறம்தான் இழுக்கிறது

கோன் ஃபில்டர் மாட்டிய சிவி கார்புரேட்டரில் இது பெரும்பாலும் ஜெட் பிரச்சினை இல்லை. ஃபில்டரைக் கழற்றிக் கார்புரேட்டர் வாயைப் பாருங்கள். வட்டத்தின் ஓரத்தில் சிறு துளைகளும் பிளவுகளும் தெரியும். ஒன்று பைலட் பகுதிக்குக் காற்று கொடுப்பது, இன்னொன்று மேலே ஸ்லைடைத் தூக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வான டயாஃப்ரத்தின் அடிப்பகுதிக்கு வெளி அழுத்தத்தைக் கொடுப்பது. கம்பெனி ரப்பர் குழாய் இவற்றை விட்டு விலகி உட்காரும்படி செய்யப்பட்டது. மலிவு ஃபில்டரின் தடித்த ரப்பர் உதடு உள்ளே நீட்டிக்கொண்டு இந்தத் துளைமேலேயே உட்கார்ந்துவிடும். ஸ்லைடு மேலே எழும்பவே கஷ்டப்படும். ரப்பரில் பதிந்திருக்கும் துளையின் அச்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உதட்டைக் கூரான கத்தியால் சீவிவிடலாம், ஃபில்டரை மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

துளை திறந்திருந்தால் அடுத்தது டயாஃப்ரம். என்ஜின் அணைந்திருக்க, கார்புரேட்டர் வாய் வழியாக விரலால் ஸ்லைடை மேலே தள்ளி, டயாஃப்ரத்துக்குப் போகும் துளையை இன்னொரு விரலால் மூடிக்கொண்டு ஸ்லைடை விடுங்கள். தயங்கி மெதுவாக இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது மேல்மூடியை மாட்டும்போது அதன் ஓரம் காடியில் உட்காராமல் மடங்கியிருக்கிறது. கார்ப் கிளீனர் இந்த ரப்பரை ஊதிப் பெருக்க வைத்துவிடும். கழற்றி எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பல கடைகளில் இதைக் கவனிப்பதில்லை.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒயர் போகும் சென்சார் இருந்தால் அதன் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அது இக்னீஷனோடு சம்பந்தப்பட்டது.

ஒரே வேகத்தில் போகும்போது இழுத்து இழுத்து விடுகிறது

நாற்கரச் சாலையில் கைப்பிடியைக் கால் அல்லது அரைக் கோட்டில் அசையாமல் பிடித்தால், வண்டி தானாக முன்னும் பின்னும் ஆடுவது போல இருக்கும். சோக்கை இழுத்தால் சரியாகிறதா? அப்படியானால் ஊசி மட்டத்தில் லீன். ஊசியின் தலையில் கிளிப் மாட்டும் வெட்டுகள், அதாவது காடிகள், வரிசையாக இருந்தால் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றுங்கள். கிளிப் கீழே போனால் ஊசி மேலே எழும், பெட்ரோல் கூடும். ஒரே காடிதான் என்றால் கிளிப்புக்கு அடியில் அரை மி.மீ. கனமுள்ள சிறு வாஷர் ஒன்று போடுங்கள். ஒரு வாஷருக்கு மேல் தேவைப்பட்டால் ஒருமுறை யோசியுங்கள், எங்கோ காற்று ஓட்டையை விட்டிருக்கிறீர்கள்.

முழுக்கத் திருகினால் இழுக்கவில்லை

இப்போதுதான் மெயின் ஜெட்டின் பேச்சு. மூன்றாவது கியரில் ஒரு நல்ல மேட்டில் முழுக்கத் திருகுங்கள், சட்ட வேகத்துக்குள்ளேயே சுமை கிடைத்துவிடும். இழுவை நின்றதும் கைப்பிடியை இம்மி அளவு மூடுங்கள். மூடியதும் வண்டி தாவி முன்னால் போனால் மெயின் லீன், ஓர் அளவு பெரிய ஜெட் போடுங்கள். குடகுடவென்று அடைத்துக்கொண்டு ஓடி, சோக் இழுத்தால் இன்னும் மோசமானால் ரிச். ஜெட்டின் தலையில் எண் பொறித்திருக்கும். ஓர் எண் ஏற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. ஒரே நாளில் ஜெட், ஊசி, ஸ்க்ரூ மூன்றையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கடையில் துளையைக் குடைந்து "பெருசாக்கி" தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மெயினை மாற்றினால் ஊசி மட்டமும் கொஞ்சம் நகரும், ஊசியை மாற்றினால் பைலட் நகரும். அதனால் எல்லா இடத்திலும் கோளாறு என்றால் மேலிருந்து கீழே வாருங்கள்: முதலில் மெயின், அடுத்து ஊசி, கடைசியில் ஸ்க்ரூ.

ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. சில கிலோமீட்டர் நன்றாக ஓடிவிட்டு, பிறகு முழுத் திறப்பில் மூச்சடைத்து நின்று, ஓரமாக நிறுத்திச் சில நிமிடம் கழித்து மறுபடி நன்றாக ஓடினால் அது ஜெட் அல்ல. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, அல்லது பெட்ரோல் டேப்பில் உள்ள வலை அடைத்திருக்கிறது. வண்டி திணறும்போது டேங்க் மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும்.

கரும்புகை, பெட்ரோல் நாற்றம், மைலேஜ் சரிவு

ரிச். எந்தக் கோட்டில் என்று பார்த்து அந்தப் பகுதியைக் குறையுங்கள். ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டினால் ஃப்ளோட் வால்வில் தூசி. அதைச் சரிசெய்யாமல் ஜெட்டைக் குறைத்துக்கொண்டே போனால் வண்டி ஒருநாளும் சரியாகாது. சோக் முழுக்க உள்ளே போகிறதா என்பதையும் பாருங்கள்.

ப்ளக்கைப் பார்த்து முடிவு செய்வதாக இருந்தால், முழுத் திறப்பில் ஓட்டிக் கிளட்சைப் பிடித்து உடனே என்ஜினை அணைத்து, உருண்டு நின்றபின் கழற்ற வேண்டும். வீடுவரை மெதுவாக ஓட்டி வந்து கழற்றினால் ப்ளக் ஐடிலிங்கைப் பற்றித்தான் சொல்லும். பீங்கான் வெளிறிய பழுப்பு என்றால் சரி. சுண்ணாம்பு வெள்ளை லீன். உலர்ந்த கரி ரிச். எண்ணெய்ப் பசையோடு கருப்பு என்றால் அது கார்புரேட்டர் கோளாறே அல்ல, ரிங்கோ வால்வு சீலோ பார்க்க வேண்டும். இப்போதைய பெட்ரோலில் நிறம் ஏற நேரமாகும், புதுப் ப்ளக்கில் அவசரப்பட வேண்டாம். ஸ்டீல் பைப் ஹெட்டருகே நீலம் பாய்வதை வைத்தும் லீன் என்று முடிவு கட்டாதீர்கள், ஒற்றைச் சுவர் பைப்பில் அது சாதாரணம்.

ஊட்டி ஏறும்போது மட்டும் அடைக்கிறது

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் கீழே சரியாக இருந்த கலவை மேலே ரிச் ஆகும். சிவி கார்புரேட்டர் ஓரளவு சமாளிக்கும், விஎம்24 அவ்வளவு சமாளிக்காது. இரண்டு நாள் பயணத்துக்கு ஜெட்டைத் தொட வேண்டாம். ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் போதும். அங்கேயே குடியிருப்பவர்கள் வேண்டுமானால் மெயினை ஓர் அளவு குறைத்துக்கொள்ளலாம். மேலே வைத்துக் குறைத்த ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கிச் சேலம் சாலையில் முழுக்கத் திருகக் கூடாது. லீனாக ஓடி என்ஜின் காய்ந்துவிடும்.

சத்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒலி, புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். சத்தத்தைக் குறைக்கும், கழற்றி எடுக்கக்கூடிய டிபி கில்லர் சைலென்சரோடு வந்திருந்தால் அதை மாட்டிவைத்தே டியூன் செய்யுங்கள். கழற்றி வைத்து டியூன் செய்துவிட்டுப் பிறகு மாட்டினால் காற்றோட்டம் மாறி, ஸ்க்ரூவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டிவரும்.